பிள்ளை வளரும் செய்தி: 'சுகம்' என்ற ஒரு சொல் போதுமா?

தம்புள்ளை ஒரு சந்தி நகரம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியும், அம்பேபுஸ்ஸவிலிருந்து திருகோணமலை செல்லும் ஏ6 வீதியும் இங்குதான் சந்திக்கின்றன. 1999 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட விசேட பொருளாதார மத்திய நிலையத்துக்கு நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் லொறிகளில் மரக்கறி வந்து இறங்குகிறது. அங்கு தராசில் வைக்கப்படும் தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் இன்று என்ன விலை என்பது சில நிமிடங்களில் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் தெரிந்துவிடுகிறது. ஆனால் அதே பிரதேசத்தில், சுகாதார நிலையத்துத் தராசில் மாதந்தோறும் வைக்கப்படும் ஒரு குழந்தையின் நிறை, குவைத்திலோ ரியாத்திலோ தோஹாவிலோ உழைத்துக்கொண்டிருக்கும் அதன் தாய்க்கோ தந்தைக்கோ பெரும்பாலும் தெரிவதில்லை. அவர்களுக்குச் சென்றடைவது ஒரே ஒரு சொல்தான். 'சுகம்' என்பதே அது.

இச்சொல்லில் தவறு எதுவுமில்லை. அன்பின் பொருட்டே அது சொல்லப்படுகிறது. தொலைவில் தனித்திருப்பவரின் மனம் வருந்தக்கூடாது என்பதே அதன் நோக்கம். எனினும், வளர்ந்து வரும் ஒரு குழந்தையைப் பொறுத்தவரை இச்சொல் எதனையும் அறிவிப்பதில்லை என்பதையும், சில வேளைகளில் அறிய வேண்டியதை மறைத்தும் விடுகிறது என்பதையும் நாம் கவனத்திற் கொள்ள வேண்டியுள்ளது.

உறவுகள் பிரிந்து வாழ்வது இப்பிரதேசத்துக்குப் புதியதன்று. 19 ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்து வரப்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை ஊடாக மாத்தளை வரை கால்நடையாகவே வந்தனர். அவ்வழியில் நோயினாலும் பசியினாலும் மாண்டோர் அநேகர். அன்று தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளையின் செய்தி கடலுக்கு அப்பாலுள்ள பாட்டியின் செவியை எட்டுவதற்குள் அப்பிள்ளை நடக்கத் தொடங்கியிருக்கும். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், மாத்தளை மாவட்டம் உட்பட மலையகமெங்கும் ஒரே குடும்பத்தினர் இரு நாட்டவராகப் பிரிந்தபோது, கடிதமும் அதனுள் மடித்து வைக்கப்பட்ட புகைப்படமுமே உறவைத் தாங்கி நின்றன. மத்திய கிழக்கு வேலைவாய்ப்பு பெருகியதும் ஒலிநாடாக்கள் அந்த இடத்தைப் பிடித்தன. குழந்தையின் மழலையைப் பதிவு செய்து, ஊர் திரும்பி மீண்டும் செல்லும் ஒருவரின் கையில் கொடுத்தனுப்பிய காலத்தை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்று அந்தத் தாமதம் இல்லை. கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசலாம். ஆனால் வேகம் கூடிய அளவுக்குச் செய்தியின் பொருள் கூடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அன்று கடிதம் எழுதியவர் ஒரு மாதத்துச் செய்தியை ஒரு தாளில் அடக்க வேண்டியிருந்தமையால், பிள்ளைக்குப் பல் முளைத்ததையும் காய்ச்சல் வந்து போனதையும் ஒழுங்காக எழுதினார். இன்று நாளொன்றுக்குப் பத்துப் படங்கள் செல்கின்றன. அவற்றில் பிள்ளை சிரிக்கிறது, புத்தாடை அணிந்திருக்கிறது. அது வளர்கிறதா என்பதை அப்படங்கள் சொல்வதில்லை.

இவ்வாறு தொலைவில் இருப்போர் எவர்? 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி வேளையில், அந்த ஓராண்டில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் தொழிலுக்காக நாட்டை விட்டுச் சென்றனர். அவர்களுள் மனைவி கருவுற்றிருக்கும்போதே விமானம் ஏறி, தம் பிள்ளையின் முகத்தை முதன்முதலில் தொலைபேசித் திரையிலேயே கண்ட தந்தையர் உண்டு. பிள்ளையை அம்மம்மாவிடமோ உம்மம்மாவிடமோ ஒப்படைத்துவிட்டுச் சென்ற தாய்மாரும் உண்டு. 2013 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குடும்பப் பின்னணி அறிக்கை ஏற்பாட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் வீட்டுப் பணிப்பெண்களாக வெளிநாடு செல்வது தடுக்கப்பட்டது. 2022 இல் அமைச்சரவை இவ்வயதெல்லையை இரண்டாகக் குறைத்தது. எனவே, பால்குடி மறந்து சில மாதங்களேயான பிள்ளையை விட்டுச் செல்லும் தாயும் இன்று சட்டத்தின் அனுமதியோடுதான் செல்கிறாள். அது சரியா தவறா என்ற விவாதம் வேறு. சென்றுவிட்ட தாய்க்கு அவளது பிள்ளையைப் பற்றிய உண்மைச் செய்தி செல்ல வேண்டும் என்பதில் இரு கருத்துகளுக்கு இடமில்லை.

உண்மைச் செய்தி ஏன் அவசியம்? 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் 20.5 வீதத்தினர் வயதுக்கேற்ற நிறையின்றியும், 17.3 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றியும், 15.1 வீதத்தினர் உயரத்துக்கேற்ற நிறையின்றியும் இருந்தனர். ஐவரில் ஒரு பிள்ளை நிறை குறைந்தது என்பது இதன் பொருளாகும். இது நெருக்கடிக்கு முந்திய நிலை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியபோது, முட்டையும் மீனும் பருப்பும் எத்தனை வீடுகளின் உணவுத் தட்டிலிருந்து மறைந்தன என்பதை நாம் அறிவோம். இத்தகைய நாட்டில் 'பிள்ளை சுகம்' என்று சொல்வதற்கு முன்னர் அதனை உறுதி செய்துகொள்வது கடமையாகிறது. நிறை குறைந்த பிள்ளை நோயாளியைப் போலத் தோன்ற வேண்டுமென்பதில்லை. அது விளையாடும், சிரிக்கும், படத்தில் அழகாகவும் இருக்கும். கன்னம் உருண்டிருப்பது வளர்ச்சிக்குச் சான்றாகாது. தராசும் அளவுநாடாவும் சொல்வதே சான்று.

அந்தச் சான்று ஏற்கெனவே ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. இலங்கையில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சுகாதார அமைச்சு ஒரு சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை இலவசமாக வழங்குகிறது. ஆண் பிள்ளைக்கு நீல நிறத்திலும் பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு நிறத்திலும் அமைந்த இப்பதிவேட்டைக் கிளினிக்குக்குக் கொண்டு செல்லும் ஒரு புத்தகமாக மாத்திரம் நம்மவர்கள் கருதுகின்றனர். உண்மையில் அது பிள்ளையின் வரலாறு. பிறப்பு நிறை, மாதாந்த நிறை, உயரம், ஏற்றப்பட்ட தடுப்பூசிகள், அடைந்த வளர்ச்சிப் படிகள் ஆகிய யாவும் அதில் இடம்பெறுகின்றன. முதல் இரண்டு ஆண்டுகளில் மாதந்தோறும், அதன் பின்னர் ஐந்து வயது வரை மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் பிள்ளையை நிறுக்க வேண்டும் என்பது நடைமுறை.

இதில் முக்கியமானது வளர்ச்சி வரைபடமாகும். கீழ்க்கோட்டில் வயதும் பக்கக்கோட்டில் நிறையும் குறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் நிறுத்த பின்னர் மருத்துவ மாது ஒரு புள்ளியை இடுகிறார். புள்ளிகளை இணைத்தால் கோடு பிறக்கும். அக்கோடு பச்சைப் பகுதியில் வரைபடத்தின் வளைவுக்கு இணையாக மேலேறிச் சென்றால் நல்லது. இளம்பச்சைக்கு இறங்கினால் எச்சரிக்கை. செம்மஞ்சளுக்கு இறங்கினால் நிறைக் குறைவு. சிவப்புக்கு இறங்கினால் கடுமையான நிறைக் குறைவு. எனினும் நிறத்தை மாத்திரம் பார்ப்பது போதாது. பச்சைக்குள்ளேயே இரண்டு மாதங்களாகக் கோடு மேலேறாமல் தட்டையாகச் சென்றால் அதுவும் கவனிக்கத்தக்க செய்தியே. காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்து போயிருக்கலாம். திட உணவு பிந்தியிருக்கலாம். அல்லது வீட்டில் எதுவோ மாறியிருக்கலாம். கோடு விழுவதற்கு முன்னரே அது தட்டையாகிறது என்பதால், அந்தத் தட்டையை முதலில் காண்பவர் பிள்ளையைக் காப்பாற்றுகிறார்.

இவ்வளைவுகள் எங்கிருந்து வந்தன என்ற சந்தேகம் சிலருக்கு எழக்கூடும். நமது பிள்ளைகள் பிறப்பிலேயே சிறியவர்கள், மேனாட்டு அளவு நமக்குப் பொருந்தாது என்று கூறுவோர் உள்ளனர். உலக சுகாதார ஸ்தாபனம் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்த அளவுகோல், பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 பிள்ளைகளை ஆராய்ந்து உருவாக்கப்பட்டது. தாய்ப்பாலும் போதிய உணவும் நோயற்ற சூழலும் கிடைக்குமாயின் எந்த நாட்டுப் பிள்ளையும் ஏறத்தாழ ஒரே விதமாகவே வளரும் என்பதே அந்த ஆய்வு கண்ட முடிவு. நம்மவர் பலர் தொழில் புரியும் ஓமானின் பிள்ளைகளும், தமிழரோடும் முஸ்லிம்களோடும் நெருங்கிய உறவுடைய இந்தியாவின் பிள்ளைகளும் அந்த அளவுகோலில் அடங்குகின்றனர். எனவே அது நமக்கும் உரியதே.

சில எண்களை நினைவிற் கொள்வது தொலைவிலுள்ளவருக்கும் உதவும். பிறந்த முதல் வாரத்தில் குழந்தை சற்று நிறை குறைவது இயல்பு. இரண்டு வாரமளவில் அதனை மீளப் பெற்றுவிட வேண்டும். ஏறத்தாழ ஐந்து மாதங்களில் பிறப்பு நிறை இரு மடங்காகவும், ஒரு வயதில் மும்மடங்காகவும் ஆகும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் நடு அளவின்படி ஒரு வயது ஆண் பிள்ளை 9.6 கிலோவும் பெண் பிள்ளை 8.9 கிலோவும் இருக்கும். இது நடு அளவேயன்றி எல்லோரும் அடைய வேண்டிய இலக்கன்று. ஒரு வயதில் ஆண் பிள்ளை 7.7 கிலோவுக்கும் பெண் பிள்ளை 7 கிலோவுக்கும் கீழே இருந்தால்தான் அது நிறைக் குறைவு எனக் கொள்ளப்படும். இடைப்பட்ட வீச்சு பெரிது என்பதை அறிந்தவர், அயல் வீட்டுப் பிள்ளையோடு தமது பிள்ளையை ஒப்பிட்டுக் கலங்கமாட்டார்.

நடப்பதும் அவ்வாறே. பிடிமானமின்றி உட்காருவது ஏறத்தாழ நான்கு மாதம் முதல் ஒன்பது மாதம் வரையிலும், தனியே நடப்பது எட்டு மாதம் முதல் பதினேழரை மாதம் வரையிலும் நிகழலாம் என அதே ஸ்தாபனம் கூறுகிறது. 'ஒரு வயதாகியும் நடக்கவில்லையே' என்று வெளிநாட்டிலிருந்து தந்தை கேட்கும்போது, 'இன்னும் காலமிருக்கிறது' என்று ஆதாரத்தோடு பதிலளிக்கலாம். அதேவேளை, பதினெட்டு மாதமாகியும் நடக்காத பிள்ளையை வைத்தியரிடம் காட்டாமல் 'பிந்தி நடப்பது நம் குடும்பத்து வழக்கம்' என்று ஆறுதல் சொல்வது தவறு.

தடுப்பூசிகள் பற்றிய செய்தி இன்னும் எளிது. பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசி. இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஐங்கூட்டுத் தடுப்பூசியும் போலியோ மருந்தும். ஒன்பது மாதத்தில் சின்னமுத்து, கூவைக்கட்டு, ஜேர்மன் சின்னமுத்து ஆகியவற்றுக்கான ஊசி. ஒரு வயதில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கானது. பதினெட்டு மாதத்திலும் மூன்று வயதிலும் ஐந்து வயதிலும் அடுத்தடுத்தவை. எந்தத் திகதியில் எது ஏற்றப்பட்டது, அடுத்தது எப்போது என்று ஒரு வரியில் அறிவித்துவிடலாம். தொலைவிலுள்ளவர் அத்திகதியைக் குறித்து வைத்து நினைவூட்டவும் முடியும். வயல் வேலையும் வீட்டு வேலையும் சுமந்து களைத்த ஒரு பாட்டிக்கு அந்த நினைவூட்டல் பெரிய உதவியாகும்.

தம்புள்ளை போன்ற பிரதேசங்களில் வாழும் தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கு இங்கு ஒரு தனியான இடர்ப்பாடு உண்டு. சிங்கள மொழி பெரும்பான்மையாகப் புழங்கும் சூழலில் மருத்துவ மாதுவின் குறிப்பு பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் அமைகிறது. பிள்ளையை வளர்க்கும் பாட்டிக்குத் தமிழ் மாத்திரமே வாசிக்கத் தெரியலாம், அதுவும் தெரியாமலிருக்கலாம். அவர் அந்தப் பக்கத்தைப் புரட்டாமலே விட்டுவிடுகிறார். ஆனால் எண்ணுக்கும் நிறத்துக்கும் மொழியில்லை. கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவரும் காணலாம். வரைபடப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் ரியாத்திலிருக்கும் தாய் அதனைத் தானே வாசித்துக்கொள்வாள். கையெழுத்துக் குறிப்பு விளங்காவிடில், கிளினிக்கிலேயே மருத்துவ மாதுவிடம் கேட்டறிய வேண்டும். அரசியலமைப்பின் 13 ஆவது, 16 ஆவது திருத்தங்களுக்குப் பின்னர் தமிழும் அரச கரும மொழியே. தமிழில் அமைந்த பதிவேட்டையும் தமிழில் விளக்கத்தையும் கோருவது சலுகை கேட்பதாகாது, உரிமையைக் கேட்பதாகும்.

இனி, செய்தியை எப்போது, எவ்வாறு பகிர்வது என்பதைப் பார்ப்போம். சவூதி, குவைத், கட்டார் ஆகிய நாடுகளின் நேரம் நமது நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது; ஓமானும் ஐக்கிய அரபு இராச்சியமும் ஒன்றரை மணித்தியாலம் பிந்தியவை. வீட்டுப் பணிப்பெண்ணாகத் தொழில் புரியும் ஒரு தாய்க்கு ரியாத்தில் இரவு பத்து மணிக்கு ஓய்வு கிடைத்தால், தம்புள்ளையில் அப்போது நள்ளிரவு கடந்து பன்னிரண்டரை மணி. பிள்ளை உறங்கிவிடும். உறங்கும் பிள்ளையை எழுப்பித் திரையின் முன் நிறுத்துவது பிள்ளைக்கும் நன்றன்று, தாய்க்கும் ஆறுதலன்று. பகலில் பிள்ளை பேசும்போதும் பாடும்போதும் குரலைப் பதிவு செய்து அனுப்பிவிட்டால், அவள் ஓய்ந்த வேளையில் கேட்பாள். அவளது குரலில் ஒரு கதையையோ தாலாட்டையோ பதிவு செய்து அனுப்புமாறு கேட்டு, மறுநாள் பிள்ளைக்குக் கேட்கச் செய்யலாம். வாரத்தில் ஒரு நாளாவது, விடுமுறை கிடைக்கும் வேளையில், இருவரும் விழித்திருக்கும் நேரத்தில் முகம் பார்த்துப் பேசுவதற்கு ஒழுங்கு செய்துகொள்வது நல்லது.

சிறு பிள்ளைகளைத் திரையின் முன் வைக்கலாமா என்ற ஐயம் நியாயமானது. உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலில் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் திரை பார்ப்பதைப் பரிந்துரைக்கவில்லை. ஆனால் 2016 இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பதினெட்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் திரையைத் தவிர்க்குமாறு கூறியபோதும், உறவினருடன் முகம் பார்த்துப் பேசும் அழைப்புக்கு விலக்களித்தது. காரணம் எளிது. காணொளிப் படம் பிள்ளைக்குப் பதில் சொல்வதில்லை. தாய் பதில் சொல்கிறாள். பிள்ளை கையசைத்தால் அவளும் கையசைக்கிறாள். 2014 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டு வயதைக் கடந்த பிள்ளைகள் பதிவு செய்யப்பட்ட காணொளியிலிருந்து கற்காத புதிய சொற்களை, நேரடிக் காணொளி அழைப்பில் பேசியவரிடமிருந்து கற்றுக்கொண்டமை கண்டறியப்பட்டது. ஆகவே சில நிமிட அழைப்பு பயனுள்ளது. அழைப்பு முடிந்ததும் அதே தொலைபேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்து விட்டுவிடுவதுதான் தீங்கானது.

பிள்ளையின் வளர்ச்சியை வெளியே சொன்னால் கண்ணூறு பட்டுவிடும் என்ற அச்சம் நம் இரு சமூகங்களிலும் உண்டு. அதனைப் பழித்துரைப்பது நமது நோக்கமன்று. உலகமறியப் பிள்ளையின் படத்தையும் விபரத்தையும் பரப்பாமலிருப்பது வேறு காரணங்களாலும் நல்லதே. பதிவேட்டின் முதற்பக்கத்தில் பெயர், பிறந்த திகதி, முகவரி, பெற்றோர் விபரம் ஆகியன இருக்கின்றன. அப்பக்கத்தை முகநூலிலோ உறவினர் குழுமங்களிலோ இடுவது பாதுகாப்பற்றது. குளிக்கும் பிள்ளையின் படத்துக்கும் இது பொருந்தும். ஆனால் பெற்ற தாயும் தந்தையும் ஊரார் அல்லர். ஊருக்கு மறைப்பதைப் பெற்றவருக்கும் மறைத்தல் முறையாகாது.

நமது சடங்குகளே இதற்குச் சான்று. யாழ்ப்பாணத்தில் முதற்பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவித்து உறவினரைக் கூட்டுகின்றனர். மலையகத்தில் முடியிறக்கிக் காது குத்தும்போது தாய்மாமன் மடி கொடுக்கிறார். முஸ்லிம்கள் ஏழாம் நாளில் அகீகா கொடுத்து, பெயர் சூட்டி, இறக்கிய முடியின் நிறைக்கு வெள்ளியைத் தர்மம் செய்கின்றனர். பிள்ளையின் ஒவ்வொரு படியும் உறவினர் அறிய வேண்டிய செய்தி என்று நம் முன்னோர் கருதினர். திருக்குர்ஆனின் இரண்டாவது அத்தியாயத்து 233 ஆவது வசனம், பாலூட்டலின் நிறைவான காலமாக இரண்டு ஆண்டுகளைக் குறிப்பதோடு, அதற்கு முன்னர் பால்குடியை நிறுத்துவதாயின் பெற்றோர் இருவரும் மனமொத்துக் கலந்தாலோசித்துச் செய்யலாம் என்ற கருத்தையும் கூறுகிறது. நிலைமையை அறியாதவர் எவ்வாறு ஆலோசனை கூற முடியும்?

அறியாமையின் விலையை நாம் வீடுகளில் காண்கிறோம். மகனுக்கு என்ன தேவையென்று சொல்லப்படாத தந்தை, தமது அன்பை வெளிநாட்டுப் பெட்டியில் பால்மா டின்னாக அனுப்புகிறார். முதல் ஆறு மாதங்களில் தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டியதில்லை என்பதும், அதன் பின்னர் பருப்பு, முட்டை, நெத்தலி, கீரை, பூசணி, பப்பாசி ஆகியனவே பிள்ளையை வளர்க்கும் என்பதும் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தால், அப்பணத்தால் முட்டை வாங்கியிருக்கலாம். பிள்ளையின் கோடு செம்மஞ்சளில் நிற்பதை அறியாத தாய், உழைத்த பணத்தை வீட்டுக்குத் தரையோடு பதிப்பதற்கு ஒதுக்குகிறாள். நாட்டுக்கே மரக்கறி பகிரும் நகரத்தின் ஓரத்தில் ஒரு பிள்ளையின் தட்டில் கீரை இல்லாமற்போவதற்கு, பணமின்மை மாத்திரமன்றிச் செய்தியின்மையும் காரணமாகலாம்.

செய்தி கேட்பவருக்கும் ஒரு கடமை உண்டு. நிறை குறைந்தது என்றதும் 'என் பிள்ளைக்கு நீங்கள் ஒழுங்காகச் சாப்பாடு கொடுப்பதில்லை' என்று சினந்தால், அடுத்த மாதம் உண்மை வராது. 'சுகம்' என்ற சொல்லே மீண்டும் வரும். முதுமையில் ஒரு குழந்தையை வளர்க்கும் தாயிடம் முதலில் நன்றி சொல்ல வேண்டும். பின்னர், 'கிளினிக்கில் என்ன சொன்னார்கள்? நான் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்க வேண்டும். நிறை குறைந்த பிள்ளைகளுக்கு, 1973 முதல் நாட்டில் வழங்கப்பட்டு வரும் திரிபோஷாவைப் பெறுவதற்கான வழியை மருத்துவ மாது கூறுவார். நிலைமை கூடுதலாயின் தம்புள்ளை ஆதார வைத்தியசாலைக்கு அனுப்பி வைப்பார். தாய் தொலைவிலிருந்து செய்யக்கூடியது, அந்த வழியில் பாட்டி தனியாக நடக்கவில்லை என்று உணரச் செய்வதே.

அரசுக்கும் பொறுப்புண்டு. 1991 இல் இலங்கை ஏற்றுறுதிப்படுத்திய சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 10 ஆவது உறுப்புரை, பெற்றோர் வேறு நாட்டில் வசிக்கும் பிள்ளைக்கு அவர்களுடன் ஒழுங்கான தொடர்பைப் பேணும் உரிமை உண்டெனக் கூறுகிறது. தாயை அனுப்புவதற்கு முன்னர் குடும்பத்தின் பின்னணியை ஆராயும் அரசு, அவள் சென்ற பின்னர் பிள்ளையின் வளர்ச்சியை அவளுக்கு அறிவிக்கும் வழியையும் ஆராய வேண்டும். பயணத்துக்கு முந்திய பயிற்சியில் வளர்ச்சி வரைபடத்தை வாசிக்கக் கற்பிப்பதற்கு ஒரு மணித்தியாலம் போதும். பிள்ளையைப் பொறுப்பேற்கும் பாதுகாவலரையும் அப்பயிற்சிக்கு அழைக்கலாம். பணிப்பெண்ணின் கைத்தொலைபேசியை எசமானர் பறித்து வைப்பதைத் தொழில் ஒப்பந்தத்தில் தடை செய்வது குறித்தும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சிந்திக்க வேண்டும். தாயின் தொலைபேசி பறிக்கப்படும்போது பிள்ளையின் உரிமையும் பறிக்கப்படுகிறது.

அதுவரை நாம் செய்யக்கூடியது அதிகமில்லை. ஆனால் அதுவே பெரிது. மாதந்தோறும் கிளினிக்கிலிருந்து திரும்பியதும் ஐந்து விடயங்களைத் தெரிவிப்போம்: இம்மாத நிறையும் சென்ற மாத நிறையும், ஏற்றிய ஊசியும் அடுத்ததன் திகதியும், பிள்ளை புதிதாகச் செய்யக் கற்றது, நேற்று முழுவதும் உண்டது, நோய் வந்திருப்பின் அதன் விபரம். இவற்றோடு பிள்ளையின் குரலும் சென்றால் போதும். மாதத்துக்கு ஒருமுறை இந்த ஐந்தையும் கேட்கும் தாய், தன் பிள்ளையை வளர்ப்பதில் தானும் பங்குகொள்கிறாள். 'சுகம்' என்று மாத்திரம் கேட்பவள், பணம் அனுப்பும் ஒருத்தியாகவே மெல்ல மெல்ல மாறிவிடுகிறாள். பிரிவைத் தவிர்க்க முடியாத குடும்பங்கள் நம்மிடையே அநேகம். அப்பிரிவு பிள்ளை வளரும் செய்தியையும் இல்லாமற் செய்துவிடாதபடி பார்த்துக்கொள்வது நமது கையில் இருக்கிறது.